காலிறுதியைக் கல்லூரிக்குக் கொண்டுவாருங்கள்

வணக்கம் நேயர்களே. சனிக்கிழமை ஒஹாயோ ஸ்டேட் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் இருந்தால் ஹை ஸ்ட்ரீட் பக்கம் காரை எடுக்கக் கூடாது. கொலம்பஸுக்குக் குடிவந்த முதல் செப்டம்பரிலேயே நம் எல்லாருக்கும் இது தெரிந்துவிடும். கொத்தமல்லி வாங்கக் கிளம்பியவர் சிவப்புச் சட்டைக் கூட்டத்துக்கு நடுவே ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியிருப்பார். உங்களில் பலரின் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். ஆகவே ஆட்டத்தின் விதிகளை நான் விளக்கப் போவதில்லை. சீசன் முடிந்த பிறகு சாம்பியனை எப்படித் தீர்மானிப்பது, அதைப் பற்றித்தான் பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காலிறுதி ஆட்டங்கள் கல்லூரி மைதானங்களில் நடக்க வேண்டும். இடையிடையே இதையே திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெகுகாலம் சாம்பியனை முடிவு செய்தது வாக்குச்சீட்டுதான். நிருபர்கள் ஒரு பட்டியல் போடுவார்கள், பயிற்சியாளர்கள் இன்னொன்று போடுவார்கள். 1997 சீசனில் நிருபர்களுக்கு மிச்சிகன் முதலிடம், பயிற்சியாளர்களுக்கு நெப்ராஸ்கா. இரண்டும் தோல்வியே காணாத அணிகள், ஒன்றோடொன்று மோதவே இல்லை. அடுத்த ஆண்டு முதல் கணினிக் கணக்கையும் சேர்த்து இரண்டு அணிகளைப் பொறுக்கினார்கள். 2014 சீசனில் அது நான்காகி, தோற்றவர் வெளியேறும் பிளேஆஃப் ஆயிற்று; அந்த நான்கைப் பொறுக்கப் பதின்மூன்று பேர் கொண்ட கமிட்டி வந்தது.

அந்தக் கமிட்டி செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. எங்கள் வீட்டில் இந்தக் கதையை நான் எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்கள். நீங்களாவது கேளுங்கள்.

2023ஆம் ஆண்டு. ஃபுளோரிடா ஸ்டேட் அணி ஆடிய பதின்மூன்று ஆட்டத்திலும் வெற்றி. ஏசிசி என்ற கான்ஃபரன்ஸின், அதாவது கல்லூரிகள் சேர்ந்த லீக்கின், சாம்பியன். நடுவில் நவம்பர் மாதம் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் காலில் பலத்த அடி, சீசனே முடிந்துபோயிற்று. அவர் இல்லாமலும் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தை வென்றார்கள். பிறகு மூன்றாவது குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு, தடுப்பாட்டத்தின் பலத்திலேயே லூயிவில் அணியைச் சாய்த்துக் கோப்பை வாங்கினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பகலில் பட்டியல் வந்தது. ஃபுளோரிடா ஸ்டேட் ஐந்தாவது. ஒரு தோல்வி கண்ட டெக்சஸ் உள்ளே, ஒரு தோல்வி கண்ட அலபாமா உள்ளே. இலை போட்டு உட்கார்ந்தவனைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்ட கதைதான். காரணம் என்ன சொன்னார்கள்? குவார்ட்டர்பேக் இல்லாததால் இது பழைய அணி இல்லையாம். என் கால் இன்னும் முன்பே உடைந்திருக்கக் கூடாதா, நான் இல்லாமலும் இந்த அணி எவ்வளவு நல்ல அணி என்று எல்லாருக்கும் தெரிந்திருக்குமே என்று டிராவிஸ் அன்று எழுதினார். இருபத்து மூன்று வயதுப் பையனை இப்படி எழுத வைத்த முறையை எப்படி நல்ல முறை என்பது? அதன் பிறகு ஆரஞ்சு பவுலில், அதாவது சீசன் முடிவில் பொது ஊரில் நடக்கும் பவுல் ஆட்டங்களில் ஒன்றில், ஜார்ஜியாவிடம் 63–3 என்று தோற்றதைக் காட்டி, பார்த்தீர்களா, கமிட்டி சொன்னது சரிதான் என்பார்கள். முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் அதில் இறங்கவே இல்லை. அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

சரி. 2024இல் பன்னிரண்டு அணி ஆயிற்று. கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் ஐவருக்கு இடம் உறுதி. மீதியைக் கமிட்டி நிரப்பும். வம்பு ஒழிந்ததா என்றால், இல்லை. 2025 டிசம்பரில் கடைசி வார இறுதியில் நோட்ர டேமும் ஆடவில்லை, மயாமியும் ஆடவில்லை. ஆனால் வாரக்கணக்கில் மேலே இருந்த நோட்ர டேம் கீழே போயிற்று, மயாமி பத்தாவது இடத்தில் உள்ளே வந்தது. ஆகஸ்டில் மயாமி 27–24 என்று நோட்ர டேமை வென்றது அந்த வாரம்தான் ஞாபகம் வந்ததோ என்னவோ. மயாமி இறுதி ஆட்டம் வரைக்கும் போனது, அது வேறு விஷயம். பன்னிரண்டு என்ன, இருபத்து நான்கு ஆக்கினாலும் இருபத்தைந்தாவது அணிக்கு வயிறெரியத்தான் செய்யும். எத்தனை அணி என்பதை விட எங்கே ஆடுவது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

இப்போதைய ஏற்பாட்டைக் கவனியுங்கள். முதல் நான்கு இடக்காரர்கள் முதல் சுற்றில் ஆட வேண்டாம், நேராகக் காலிறுதி. ஐந்திலிருந்து எட்டு வரை இருப்பவர்கள் தங்கள் சொந்த மைதானத்தில் முதல் சுற்று ஆடுகிறார்கள். காலிறுதி எங்கே? பாசடீனா, நியூ ஆர்லியன்ஸ், மயாமி என்று பவுல் நடக்கும் ஊர்களில். ஆக, மிகச் சிறந்த நான்கு அணிகளுக்குத்தான் பிளேஆஃபில் சொந்த ஊர் ஆட்டமே கிடையாது! அதோடு மூன்று வாரத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். 2024இல் அப்படி ஓய்வெடுத்த நான்கு அணியும் தோற்றன. 2025இல் நான்கில் மூன்று தோற்றன. இந்தியானா மட்டும் தப்பியது. எட்டுக்கு ஏழு. இதற்குப் பெயர் சலுகையாம்.

2024 டிசம்பர் 21 இரவு ஒஹாயோ ஸ்டேடியத்தில் டென்னஸியோடு நடந்த முதல் சுற்று ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். குளிர் உறைநிலைக்கு நன்றாகக் கீழே. இரண்டு சாக்ஸ், அதற்குள் சூடு பாக்கெட், அப்படியும் கால் விரல்கள் இருக்கின்றனவா என்று சந்தேகம். டென்னஸிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஆரஞ்சு நிறத்தில் வந்து குவிந்துவிட்டார்கள். நம்மூர்க்காரர்கள் டிக்கெட்டை விற்றுவிட்டார்கள் என்று பக்கத்து இருக்கைப் பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். டென்னஸி ஆட்டக்காரர்கள் சிலர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பயிற்சிக்கு இறங்கினார்கள், எங்களுக்குக் குளிரே இல்லை என்று காட்டுவதற்கு. முதல் கால் பகுதி முடியும்போது ஒஹாயோ ஸ்டேட் 21–0 என்று முன்னால். மூன்று வாரம் முன்பு அதே மைதானத்தில் மிச்சிகனிடம் 13–10 என்று தோற்று, பயிற்சியாளரைத் துரத்துங்கள் என்று கூவின ஊர் அன்று தொண்டை கிழியக் கத்தியது. மாணவர்கள் நடந்தே வந்தார்கள், நடந்தே விடுதிக்குத் திரும்பினார்கள்.

இனி அடுத்த ஆட்டத்தைப் பாருங்கள். ஆரெகன் பதின்மூன்று ஆட்டம் ஜெயித்து முதலிடம். அக்டோபரில் யூஜினில், சொந்த மைதானத்தில், ஒஹாயோ ஸ்டேட்டை 32–31 என்று வென்ற அணி அது. நியாயப்படி அந்த இரண்டாம் மோதலும் யூஜினில்தானே நடக்க வேண்டும்? பாசடீனாவில் ரோஸ் பவுலில் நடந்தது. இரண்டாம் கால் பகுதியிலேயே ஒஹாயோ ஸ்டேட் 34–0 என்று போய்விட்டது. எனக்குச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஆனால் ஆரெகன்காரர் ஒருவர் என்னிடம் வந்து நியாயம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ரோஸ் பவுல் 1902இல் தொடங்கியதாயிற்றே, அந்தப் பாரம்பரியம் என்ன ஆவது என்பார்கள். அரையிறுதியை அங்கே நடத்துங்கள். அந்த ஆண்டு ஒஹாயோ ஸ்டேட் ரசிகர் ஜனவரி 1 பாசடீனா, 10ஆம் தேதி டெக்சஸில் ஆர்லிங்டன், 20ஆம் தேதி அட்லாண்டா என்று பறக்க வேண்டியிருந்தது. கல்லூரிப் படிப்புக்குக் கடன் வாங்கியிருக்கும் மாணவனால் முடியுமா? உங்கள் வீட்டுப் பிள்ளையையே கேளுங்கள். இதற்கு அடுத்த படியில் இருக்கும் எஃப்சிஎஸ் பிரிவில் 1978இலிருந்து பிளேஆஃப் நடக்கிறது. இப்போது அங்கே இருபத்து நான்கு அணிகள். அரையிறுதி வரைக்கும் கல்லூரி மைதானம்தான். 2025 டிசம்பரில் மொன்டானாவும் மொன்டானா ஸ்டேட்டும் அரையிறுதியில் மோதியது போஸ்மன் நகரில், மொன்டானா ஸ்டேட்டின் சொந்த மைதானத்தில். அவர்களால் முடிகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தங்கை இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடமாம். ஆட்டக்காரர்களின் கால அட்டவணை பற்றிப் பெரிதாகப் பேச வந்தேன், வேகமாகச் சொல்கிறேன். கடைசிக் காலிறுதி 2026 ஜனவரி 1. அணி மாறுவதற்கான போர்ட்டல் திறந்தது ஜனவரி 2. அரையிறுதிக்குத் தயாராகும்போதே பக்கத்து லாக்கர்காரன் வேறு கல்லூரிக்குப் பேரம் பேசலாம். ஓல் மிஸ்ஸின் பயிற்சியாளர் லேன் கிஃபின் பிளேஆஃப் தொடங்குமுன்பே எல்எஸ்யூ என்ற லூசியானா ஸ்டேட் அணிக்குப் போய்விட்டார். அணி அவர் இல்லாமலே அரையிறுதி வரை வந்தது. காலிறுதியைக் கல்லூரியில் வைத்தால் புத்தாண்டு வரை காத்திருக்க வேண்டாம், டிசம்பரிலேயே முடிக்கலாம். போர்ட்டல் அதற்கப்புறம் திறக்கட்டும். பிக் டென், எஸ்இசி என்ற இரண்டு பெரிய கான்ஃபரன்ஸுக்கும் தலா நான்கு இடம் முன்கூட்டியே ஒதுக்கும் யோசனை ஒன்று உலவியதே, அதைப் பற்றி... சரி தங்கை, முடித்துவிட்டேன். அது கூடவே கூடாது, அவ்வளவுதான். வணக்கம்.