பாஸ் வேணாம் மக்களே, மூணு டிக்கெட் போதும்! வியன்னா – பிராட்டிஸ்லாவா – புடாபெஸ்ட்

வாங்க வாங்க. இன்னைக்குக் கொஞ்சம் கடுப்போடதான் உக்காந்திருக்கேன். போன வாரம் ஐரோப்பா பட்ஜெட் வீடியோ போட்டதுல இருந்து வர்ற மெசேஜ்ல பாதி, "அக்கா, யூரேல் பாஸ் எடுத்துட்டேன், சரியா?" ஒரே பாஸ்ல பல ஐரோப்பிய நாட்டு ரயில்கள்ல போறதுக்கான சீட்டுதான் யூரேல். எடுத்துட்டுக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?

அதுல பல நாட்டுக்குமான குளோபல் பாஸ்ல ஆகச் சின்னதே ஒரு மாசத்துக்குள்ள 4 பயண நாள், அதாவது ரயில் ஏறிக்கற நாள். நாம சுத்தப்போறது ஆஸ்திரியாவுல வியன்னா, ஸ்லோவாக்கியாவுல பிராட்டிஸ்லாவா, ஹங்கேரியில புடாபெஸ்ட், திரும்ப வியன்னா. மொத்தமே மூணு ரயில். முதல் ரயில் ஒரு மணி நேரம்தான்! அதுக்கு ஒரு பயண நாளைத் தூக்கிக் குடுப்பீங்களா? ஆங், ஐரோப்பாவுலயே குடியிருக்கறவங்களுக்கு யூரேல் கிடையாது, இன்டர்ரேல். பாஸ்போர்ட் எந்த நாடுன்னு பாக்க மாட்டாங்க, எங்க வசிக்கறீங்கன்னுதான் பாப்பாங்க.

பிராட்டிஸ்லாவாவுக்கு முன்கூட்டியே புக் பண்ண வேணாம். ரீஜனல் ரயில், நாளாக நாளாக விலை ஏறாது, அன்னைக்குக் காலையில மெஷின்ல எடுத்துக்கலாம். வில்லங்கம் எங்கன்னா, வியன்னா ரயில் அந்த ஊர்ல ரெண்டு வேற வேற ஸ்டேஷனுக்குப் போகுது. மார்ஹெக் வழியாப் போற ரயில் ஹ்லாவ்னா ஸ்டானிட்சாவுக்கு, அதாவது மெயின் ஸ்டேஷனுக்கு. கிட்சே வழியாப் போறது பெட்ர்ஷால்காவுக்கு, டான்யூப் ஆத்துக்குத் தெக்கால. போர்டுல ஊர்ப் பேரைப் பாத்ததும் ஓடிப்போய் ஏறாதீங்க, அதுக்குப் பின்னாடி இருக்கற வாலையும் படிங்க. புடாபெஸ்ட் ரயிலுக்கு மெயின் ஸ்டேஷன்தான் வரணும். மாறி இறங்கிட்டா 93-ஆம் நம்பர் பஸ் ரெண்டையும் இணைக்குது. 93. எழுதி வச்சுக்கோங்க.

அடுத்து புடாபெஸ்ட், சுமார் ரெண்டரை மணி நேரம். இந்த வழியில நிறைய ரயில் ப்ராக்ல இருந்து வருது. அதனால ஒரே ரயிலுக்கு செக், ஸ்லோவாக், ஹங்கேரி மூணு ரயில்வேயும் டிக்கெட் விக்கறாங்க, மூணு இடத்துலயும் விலை ஒண்ணா இருக்கணும்னு இல்ல. மூணு டேப் திறந்து வச்சுப் பாருங்க. ஏறுனதும் போற திசைக்கு வலப்பக்கம் ஜன்னல். ஷ்டூரோவோ தாண்டும்போது டான்யூபோட எதிர்க்கரையில எஸ்டெர்கோம் பேராலயக் குவிமாடம், அப்புறம் விசெக்ராட் கோட்டை. இடப்பக்கம் உக்காந்தா யாரோட தலைக்கு மேலயோ எட்டித்தான் பாக்கணும்.

மூணாவது, புடாபெஸ்ட் டு வியன்னா ரெயில்ஜெட், அதாவது ஆஸ்திரியாவோட வேக ரயில், 2 மணி 40 நிமிஷம் மாதிரி. இதைத்தான் சீக்கிரம் எடுக்கணும், ஆஸ்திரிய ரயில்வே தளத்துல ஷ்பார்ஷீனன்னு இருக்கும், மலிவு டிக்கெட். அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும், பொதுவா காசு திரும்பாது.

இப்போ எனக்கு எரிச்சல் வர்ற சமாச்சாரம். டிக்கெட் எடுத்தா சீட் கிடையாது! நம்ம ஐஆர்சிடிசி மாதிரி கோச் நம்பர், பெர்த் நம்பர் தானா வராது. சீட்டுக்குத் தனியா ஒரு மூணு யூரோ சொச்சம். கட்டாயமில்லங்கறதால பாதிப் பேர் பாக்காமலே தாண்டிப் போயிடறாங்க, அப்புறம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டிக்கு நடுவுல சூட்கேஸ் மேல உக்காந்து வராங்க. மூணு யூரோங்க! அங்க ஒரு காபி விலை. கட்டலைன்னா சீட்டுக்கு மேல இருக்கற சின்னத் திரையைப் படிங்க. எங்க இருந்து எது வரைக்கும் ரிசர்வ்னு காட்டும். "வியன்னா – சால்ஸ்பர்க்"னு இருந்தா வியன்னா வரைக்கும் அது உங்க சீட்தான், தைரியமா உக்காருங்க.

ஐயோ, விசாவை விட்டுட்டேனே. மூணு நாட்டுக்கு மூணு விசா இல்ல, மூணுக்கும் சேத்து ஒரே ஷெங்கன் விசா, பெரியவங்களுக்கு 90 யூரோ. அதிக நாள் எந்த நாட்டுல தங்கறீங்களோ அங்க அப்ளை பண்ணணும். சமமா இருந்தா முதல்ல நுழையற நாடு. விசா வர்றதுக்கு முன்னாடி டிக்கெட் எடுத்தா காசு போயிடுமேன்னா, இந்த ரூட்ல ரிஸ்க் பெரும்பாலும் அந்த மூணாவது டிக்கெட்டுக்கு மட்டும்தான். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டிக்குள்ள பூட்டாதீங்க, எல்லையில முத்திரை இல்லைன்னாலும் ரயிலுக்குள்ள போலீஸ் வந்து கேக்கலாம்.

டிசம்பர்ல போறவங்க: மாசத்தோட ரெண்டாவது ஞாயிறு வாக்குல ஐரோப்பா முழுக்க டைம்டேபிள் மாறும், அதுக்கப்புறத்து டிக்கெட் லேட்டாத் திறக்கலாம். தளத்துல ரயிலே காட்டலைன்னு பயந்து பஸ்ஸை புக் பண்ணிடாதீங்க.

காசு? ஆஸ்திரியாவும் ஸ்லோவாக்கியாவும் யூரோ, ஹங்கேரி ஃபோரின்ட். புடாபெஸ்ட்ல கார்டு மெஷின் "ரூபாயா, ஃபோரின்ட்டா"ன்னு கேக்கும். ஃபோரின்ட்டை அழுத்துங்க, ரூபாயை அழுத்துனா அவங்க வச்சதுதான் ரேட்டு.