அற்புதம் முன்னணையில்தான் இருக்கிறது

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘கிறிஸ்துமஸின் அற்புதத்தை நாம் காண்பது பெருங்கொண்டாட்டத்திலா, அன்றாடச் சிறு காரியங்களிலா?’ என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயம் மின்விளக்குகளில் ஜொலிப்பதைச் சொன்னார். இயேசு பிறந்த காட்சியைப் பொம்மைகளால் காட்ட, ஊருக்கு ஊர் போட்டி போட்டு அமைக்கும் மாபெரும் குடில்களைச் சொன்னார். முத்தாய்ப்பாக, “முதல் கிறிஸ்துமஸ் இரவிலேயே வானத்தில் தூதர் சேனை திரண்டு பாடியது, பிரம்மாண்டத்தைத் தொடங்கி வைத்தவரே கடவுள்தான்” என்றார். பலத்த கைதட்டல் கிடைத்தது. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தூதர்கள் யாருக்குப் பாடினார்கள்? லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். இரவில் கண்விழித்து மந்தையைக் காவல் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களுக்கு. சரி, தூதன் அவர்களுக்குக் கொடுத்த அடையாளம் என்ன? ‘எங்கள் சேனையைப் பாருங்கள், எங்கள் ஒளியைப் பாருங்கள்’ என்றா சொன்னான்? துணியில் சுற்றி, மாட்டுக்குத் தீவனம் போடும் முன்னணையில் கிடத்தியிருக்கும் ஒரு பிள்ளையைக் காண்பீர்கள், அதுதான் அடையாளம் என்றான். துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை எந்த ஊரில் இல்லை, எந்தத் தெருவில் இல்லை? அதைத்தான் அடையாளமாகக் கொடுத்தான் நடுவர் அவர்களே! பாடி முடித்துத் தூதர்கள் போய்விட்டார்கள். அதன் பிறகுதான் மேய்ப்பர்கள் புறப்பட்டார்கள். வானத்தை அண்ணாந்து பார்த்தபடி அங்கேயே நின்றிருந்தால் அவர்கள் பிள்ளையைக் கண்டிருக்கவே மாட்டார்கள்.

குடிலைப் பற்றிப் பெருமையாகப் பேசினாரே நண்பர், அந்த வழக்கத்துக்கு வித்திட்டவர் அசிசி நகரத்துத் துறவி பிரான்சிஸ். 1223-ஆம் ஆண்டு, இத்தாலியில் கிரேச்சோ என்ற சிற்றூர். ஒரு முன்னணை, கொஞ்சம் வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. சுற்றுவட்டாரத்து மக்கள் மெழுகுவத்தியும் தீவட்டியும் ஏந்தி வந்து நின்றார்கள். அவ்வளவுதான் அந்தக் குடில்.

நம் வீட்டுக் குடிலுக்கு வருகிறேன். டிசம்பர் முதல் வாரம் கழிந்ததும் பிள்ளைகள் பழைய தட்டிலும் கொட்டாங்கச்சியிலும் மண் நிரப்பிக் கேழ்வரகும் கடுகும் விதைப்பார்கள். குடிலில் புல்வெளி வேண்டுமே, அதற்காக. மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடிவைப்பார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளைப் பிடிக்க முடியாது. பள்ளிக்குக் கிளம்பும்போது ஒருமுறை, திரும்பி வந்ததும் ஒருமுறை சாக்கைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஒருநாள் காலையில் கடுகு தலைகாட்டியிருக்கும். நூல் போன்ற தண்டு, கூன் விழுந்த முதுகு. தன் தோலையே தொப்பியாகத் தலையில் சுமந்துகொண்டு மண்ணை முட்டித் தள்ளி நிற்கும். மறுநாள் தொப்பி கழன்று விழும். விரியும் இரண்டு இலையும் இதய வடிவில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை போடுகிற கூச்சலைக் கேட்டவர்கள் இந்த அவையில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். மின்விளக்கை நாம் ஏற்றுகிறோம், அது எரிகிறது. இந்தக் கடுகை முளைக்க வைத்தது யார்? மண்ணுக்குள் ஒரு உயிர் யாருக்கும் தெரியாமல் அசைந்து மேலே வருவதை ஒரு குழந்தை தன் கண்ணால் பார்க்கிறதே, கிறிஸ்துமஸைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வகுப்பு ஏது?

அடுத்து, கிறிஸ்துமஸ் மாலையில் தெருவில் வீட்டுக்கு வீடு நடக்கும் பலகாரத் தட்டுகள். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம், ஒரு துண்டு கேக், மேலே ஒரு கைக்குட்டை. தீபாவளிக்குப் பலகாரம் தந்த வீட்டுக்கும் போகும், ரம்ஜானுக்குக் கஞ்சி தந்த வீட்டுக்கும் போகும். தட்டு வெறுமையாகத் திரும்பாது. ஒரு பிடி சர்க்கரை, இரண்டு வாழைப்பழம், எதுவும் இல்லையென்றால் தோட்டத்துக் கறிவேப்பிலையாவது வந்து சேரும். வருத்தத்தில் பேசாமல் இருக்கும் வீட்டுக்கும் அன்றைக்கு ஒரு தட்டு போகிறது பாருங்கள், அதை நான் அற்புதம் என்றே சொல்வேன். “அம்மா கொடுத்துவிட்டு வரச் சொன்னாங்க, அத்தை” என்று ஒரு சிறுமி வாசலில் நிற்கிறாள். மூடிய கதவு அதற்குத் திறக்கிறது. எந்த மேடையிலும் இதை அறிவிப்பதில்லை. எந்தப் பேனரும் இதற்குக் கிடையாது.

வீடு வீடாகப் பாடி வரும் கீத பவனியையும் தம் பக்கத்துச் சாட்சியாக நண்பர் இழுத்துக்கொண்டார். டிரம்மும் ஒலிபெருக்கியுமாக நள்ளிரவில் வரும் பவனி பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்க, தனியாகக் கிடக்கும் ஒரு தாத்தாவின் வீட்டு வாசலுக்கு வந்ததும் அந்த டிரம் நிற்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? அவருக்குப் பிடித்த பழைய ஞானப்பாட்டை மெதுவாகப் பாடுகிறார்கள். அவர் படுக்கையிலிருந்தே இரண்டாம் சரணத்தில் சேர்ந்துகொள்கிறார். பவனி முழுவதிலும் என் நெஞ்சில் நிற்பது அந்த ஒரு சரணம்தான்.

ஊசிக்கோபுரத்து விளக்குகளை அணைக்கச் சொல்லவில்லை நடுவர் அவர்களே. அவை அழகு, எங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறோம். அற்புதத்தை எங்கே காண்கிறோம் என்பதுதான் இங்கே கேள்வி. பெத்லகேமில் இயேசுவின் பிறப்பிடத்தின் மேல் எழுந்த பேராலயத்துக்குள் நுழையும் வாசல் சுமார் 4 அடி உயரம்தான். குதிரையிலும் வண்டியிலும் ஏறி உள்ளே வருவதைத் தடுக்க அதைக் குறுக்கினார்கள் என்பார்கள். இன்று எந்த நாட்டு அதிபர் அந்த வாசல் வழியே வந்தாலும் குனிந்துதான் ஆகவேண்டும்.

கடைசியாக, கிழக்கிலிருந்து வந்த ஞானிகள். பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்தார்கள் என்று நண்பர் அழுத்திச் சொன்னார். ஆனால் அவர்கள் முதலில் எங்கே போய் விசாரித்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ராஜா பிறந்தால் தலைநகரில்தானே பிறப்பார் என்று எருசலேமுக்குப் போனார்கள். பிள்ளையோ அங்கிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தள்ளி, சின்னஞ்சிறு பெத்லகேமில் இருந்தது. எருசலேமில் அரண்மனை இருந்தது, ஏரோது மன்னன் இருந்தான், வேதத்தைக் கரைத்துக் குடித்த அறிஞர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவராவது அந்த 9 கிலோமீட்டரை நடந்துபோய்ப் பிள்ளையைப் பார்த்ததாக நற்செய்தியில் ஒரு வரி உண்டா? அடுத்து எழுந்து வரும் எதிரணி நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.