முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்

வணக்கம் நேயர்களே. லண்டனில் நீண்ட காலம் மகப்பேற்றுத் தாதியாக வேலை செய்தவள் நான். இன்று சோமாலியத் தாய்மாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1991இல் அரசு கவிழ்ந்து நாடு சிதறியபின், நம்மைப் போலவே அகதிகளாக இங்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். வளர்ந்த பிள்ளைகள் அருகில் இருந்தால் எழுந்து போகச் சொல்லாதீர்கள்; அவர்களும் கேட்கட்டும்.

சோமாலியாவில் சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பலருக்கு வெட்டிய இடத்தைச் சேர்த்துத் தைத்தும் விடுவார்கள். சிறு துவாரம்தான் மிஞ்சும். சிலருக்குச் சிறுநீர் கழிக்கவே கால் மணி நேரம் பிடிக்கும். அந்த உடலோடுதான் பிள்ளை பெற வருகிறார்கள். ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,000க்கும் மேற்பட்ட தாய்மாரிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. இப்படித் தைக்கப்பட்டவர்களுக்குச் சிசேரியனும் பேற்றுக்குப் பிந்திய இரத்தப்போக்கும் அதிகம் என்று அது காட்டியது.

இதற்கு வழி இருக்கிறது. அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, மூடிய தழும்பைக் கீறித் திறந்துவிடலாம். ஐந்தாம் மாதத்தை ஒட்டிச் செய்தால் பேற்றுக்கு முன் ஆறிவிடும். ஆனால் முதலில் யாராவது கேட்க வேண்டுமே! முதல் சந்திப்பிலேயே, தனியறையில், முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு மொழி வேண்டும். அதில்தான் எனக்கு ஆற்றாமை. ஒரு பெண் கணவருடன் வந்திருந்தார். நான் கேட்டதும் கணவர் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அப்படி ஒன்றும் இல்லை" என்று தானே பதில் சொன்னார். அவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, சோமாலி பேசும் பெண் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். அதன்பின் அந்தப் பெண் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். முதற்பிள்ளையை வேறொரு மருத்துவமனையில் பெற்றபோது, ஒருவர் பின் ஒருவராக வந்து போர்வையைத் தூக்கிப் பார்த்தார்களாம். அவரிடம் ஒரு வார்த்தை பேசியவர் இல்லை. அதற்கு அஞ்சித்தான் இம்முறை ஏழாம் மாதம் வரை எட்டிப் பார்க்கவில்லை.

திறப்பதைப் பற்றி அவர் கேட்ட முதற்கேள்வி, "சிறுநீர் போகும் சத்தம் வெளியே கேட்குமா?" என்பது. அவருக்கு அது மானப் பிரச்சினை. கேட்கும், எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்று சொன்னபின்தான் சம்மதித்தார்.

நேயர்களே, மாதவிடாய் பற்றி வைத்தியரிடம் சொல்லப் பத்து வயது மகனைக் கூட்டிப்போன தாய்மார் நம்மிடமும் உண்டு. மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை. குடும்பத்தவர் மொழிபெயர்ப்பாளர் அல்லர். திரும்பவும் சொல்கிறேன், அல்லர்.

இத்தகைய தாய்மாருக்கென்றே 1997இல் கைஸ் அண்ட் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் கம்ஃபர்ட் மோமோ என்ற தாதி தனிச் சிகிச்சையகம் தொடங்கினார். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் முடிகிறதென்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள்.

சுருக்கமாக இரண்டு செய்தி. பேற்றுக்குப்பின் பழையபடி தைத்து மூடச் சொன்னால் செய்ய முடியாது. இங்கே அது சட்டவிரோதம். பெண் குழந்தையை இதற்காக வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இவற்றைக் கர்ப்ப காலத்திலேயே தாயிடமும் தந்தையிடமும் பேசிவிட வேண்டும். வீட்டுக்குப் போகும் நாளில் துண்டுப்பிரசுரத்தைக் கையில் திணித்தால் போதாது. நன்றி, வணக்கம்.