நாலந்தாவின் செங்கல் அடுக்குகள்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

நாலந்தா என்றவுடன் எரிந்துபோன நூலகம்தான் நம் நினைவுக்கு வருகிறது. அந்த முடிவைப் பேசுவதற்கு முன், அது எப்படி எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது என்பதைப் பேசியாக வேண்டும்.

5ஆம் நூற்றாண்டில் குப்த அரசர் குமாரகுப்தர் காலத்தில் எழுந்த இந்த மகாவிகாரம், அதாவது பெரும் பௌத்தத் துறவிமடம், பின்னாளில் பீகாரின் பர்காவ் ஊரையொட்டிய வெறும் மண்மேடாகிவிட்டது. அங்கே படித்த சீனத் துறவி யுவான் சுவாங்கின் குறிப்புகளை அடியொற்றி, 1861-62இல் அதை அடையாளம் கண்டவர் தொல்லியல் அறிஞர் கன்னிங்காம். 1915இல் அகழாய்வு தொடங்கியது. மூன்றாம் எண் கோயில், ஒன்றை உள்ளே பொதிந்து அதன்மேல் மற்றொன்றாக, ஏழு கட்டங்களில் வளர்ந்திருந்தது. பழையதை இடித்துத் தள்ளாமல் அணைத்துக்கொண்டே பெரிதாகிய அந்தக் கட்டடத்தை, நாலந்தாவின் கல்விமுறைக்கே சான்றாக நான் கருதுகிறேன்.

அங்கே கிடைத்த சுடுமண் முத்திரைகள் உள்ளங்கைக்குள் அடங்கக்கூடியவை. நடுவில் தருமச் சக்கரம், இருபுறமும் மான்கள், கீழே நாலந்தா மகாவிகாரத்துப் பிக்கு சங்கத்தின் பெயர். சுற்றுவட்டாரக் கிராமங்களின் முத்திரைகளும் உடன் கிடைத்துள்ளன. இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் இந்த விகாரத்துக்கு உரியவையாக இருந்தன என்று மற்றொரு சீனத் துறவியான இத்சிங் எழுதுகிறார். அந்த ஊர்களின் நெல்தான் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துறவியரைப் படிக்க வைத்தது. சுவர்ணதீபத்து (இன்றைய சுமத்திராப் பகுதி) அரசர் பாலபுத்திரதேவர் அங்கே ஒரு விகாரம் எழுப்ப, அவர் வேண்டுகோளை ஏற்றுப் பாலப் பேரரசர் தேவபாலர் ஐந்து ஊர்களை வழங்கினார். பிக்குகளின் உணவு, நோயுற்றோருக்கு மருந்து, சுவடி படியெடுத்தல் ஆகியவற்றுக்கே அந்த வருவாய் என்று செப்பேடு விளக்கமாகச் சொல்கிறது. கடல் கடந்த அரசர் கட்டிய விகாரத்துக்கு உள்நாட்டு அரசர் ஊர் கொடுப்பது நமக்குப் புதிதன்று. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கியதும் இதே முறைதான். நாலந்தாவில் யுவான் சுவாங்குக்குப் பாடம் சொன்னவர் சீலபத்திரர். அந்தச் சீலபத்திரரின் ஆசான் தருமபாலர் காஞ்சிபுரத்தவர்.

இனி அந்த முடிவுக்கு வருகிறேன். 1200ஐ ஒட்டித் துருக்கியத் தளபதி பக்தியார் கில்ஜியின் படை அழித்ததாக வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் எழுதும் 'கோட்டை'யை, அருகிலிருந்த ஓதந்தபுரி விகாரம் என்றே பலரும் கொள்கிறார்கள். நாலந்தாவும் தாக்குதல்களுக்கு உள்ளாயிற்று. ஆனாலும், 1235ஐ ஒட்டித் திபெத்தியத் துறவி தருமசுவாமி வந்தபோது, பெரும்பாலும் பாழடைந்திருந்த அந்த வளாகத்தில், தொண்ணூறு வயதைக் கடந்த இராகுல சிறீபத்திரர் எழுபது மாணவர்க்கு இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தார். படை வருகிறது என்ற செய்தி கேட்டு மற்றவர்கள் ஓடிவிட, தருமசுவாமி மட்டும் தம் ஆசானை முதுகில் சுமந்துகொண்டு மறைவிடம் தேடிச் சென்றார்.