நான்காம் ஆண்டில் உங்கள் கைப்பேசி

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பதினாறு ஆண்டுகளாகக் கைப்பேசி விற்கிறேன், பழுதும் பார்க்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் தோட்டத்து ஆட்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுப் பலர் பட்டணத்துக்கே குடிவந்துவிட்டார்கள். பேச்சில் மட்டும் இன்னும் "எங்க தோட்டம்"தான்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கேள்வி ஆரம்பித்துவிடும். "அண்ணே, ஐபோன் நல்லதா, சாம்சங் நல்லதா, ஷாவ்மியே போதுமா?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "இதை எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள்?" நம் பக்கத்தில் ஒரு கைப்பேசி அப்பாவிடம் இரண்டு மூன்று ஆண்டு இருக்கும், அப்புறம் இடைநிலைப்பள்ளிக்குப் போகிற பிள்ளையிடம், கடைசியில் பாட்டியிடம். பெட்டியைப் பிரிக்கிற அன்று அது எப்படி மின்னுகிறது என்பது எனக்குப் பெரிதில்லை. நான்காம் ஆண்டில் எப்படி இருக்கும் என்பதை வைத்துத்தான் நான் கைப்பேசிகளை ஒப்பிடுகிறேன். கேமராவுக்கு எத்தனை கண் என்பதை இன்று விட்டுவிடுகிறேன்.

முதலில் சேமிப்பிடம். என் மேசைக்கு வரும் தொல்லைகளில் பெரும்பங்கு இதனால்தான்.

போன மாதம் ஒரு பாட்டி வந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து வைத்து, "தம்பி, பேத்தியப் படம் எடுக்கப் போனா முடியாதுங்குது" என்றார். 32 ஜிபி கைப்பேசி. அதில் கைப்பேசியை ஓட்டும் அடிப்படை மென்பொருளான இயங்குதளமே பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. மீதியில் 11 ஜிபி, புலனம் என்று நாம் சொல்கிற வாட்ஸ்அப். அதன் அமைப்புகளுக்குள் போய்ச் சேமிப்பிடத்தைத் திறந்தால், எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். குடும்பக் குழு மட்டும் 4 ஜிபி. காலை வணக்கப் படங்கள், ஒரே பக்திப் பாட்டு வீடியோ ஆறு தடவை, முருகன் படம் மட்டும் நூற்றுக்கு மேல். சாமி படத்தை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒன்றை வைத்துக்கொள்வோம் என்றேன். ஒவ்வொன்றாகப் பார்த்து, பத்துமலை முருகனை வைத்துக்கொள்ளச் சொன்னார். மற்றதை அழித்துவிட்டு, படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்தினேன். அந்தக் கைப்பேசி இன்னும் ஓர் ஆண்டு ஓடும்.

இடம் நிரம்பினால் படம் எடுக்க முடியாமல் போவது மட்டுமில்லை, கைப்பேசியே மெதுவாகும். சேமிப்பிடமாக இருக்கும் நினைவகச் சில்லில் பழையதை அழிக்காமல் அதே இடத்தில் புதியதை எழுத முடியாது. அழிப்பதும் பெரிய பெரிய தொகுதிகளாகத்தான் நடக்கும். காலி இடம் குறையக் குறைய, எழுதுவதற்கு முன் ஒதுக்கிச் சீர்படுத்தும் வேலை கூடிவிடும்.

சில்லின் வகையும் உண்டு. விலை குறைந்த கைப்பேசிகளில் இஎம்எம்சி, கொஞ்சம் மேலே போனால் யுஎஃப்எஸ். தோட்டத்து மண் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். குலை ஏற்றிய லாரி வெளியே வந்தால்தான் காலி லாரி உள்ளே போகலாம். இஎம்எம்சி அப்படி, ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும். யுஎஃப்எஸ் இரண்டு தடச் சாலை. ஒரே விலையில் இரண்டு கைப்பேசி இருந்தால் இதைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் போடாவிட்டாலும் கடைக்காரர் பார்த்துச் சொல்ல முடியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரேம் என்பது செயலிகள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக இடம். விளம்பர அட்டையில் 16 ஜிபி ரேம் என்று பெரிதாகப் போட்டு, கீழே சின்ன எழுத்தில் 8 கூட்டல் 8 என்று இருக்கும். பின்னால் இருக்கும் எட்டு, ரேமே இல்லை. உங்கள் சேமிப்பிடத்திலிருந்து எட்டை எடுத்து ரேம் போலப் பயன்படுத்துகிறார்கள். வேகம் உண்மையான ரேமுக்குப் பக்கத்திலும் வராது, உங்கள் இடமும் போகும். பிள்ளைகளின் படிப்புக்கென்று காசு சேர்த்து வருகிறவர்களிடம் இதை மறைத்து விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஐபோனில் மெமரி கார்டு போட என்றைக்குமே வழி இருந்ததில்லை. சாம்சங்கின் விலை உயர்ந்த எஸ் வரிசையிலும் 2021ல் வந்த எஸ்21 முதல் அதை எடுத்துவிட்டார்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டுகள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. எங்கள் ஊருக்கு அது பெரிய வசதி. ஆனால் கார்டு வாங்குவதில் நானே ஏமாந்திருக்கிறேன். அக்கா மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் 256 ஜிபி கார்டு ஒன்றை மலிவாக வாங்கினேன். கைப்பேசியும் 256 என்றுதான் காட்டியது. கல்யாணத்தன்று பரிசம், தாலி, ஊர்வலம் எல்லாம் அதில்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் முதல் கொஞ்சம் படங்கள் திறந்தன, மற்றவை சாம்பல் கட்டங்கள். உள்ளே இருந்த சில்லு 8 ஜிபிதான், 256 என்று பொய் சொல்லும்படி அமைத்திருந்தார்கள். நிரம்பியபின் வந்ததெல்லாம் காற்றில் எழுதியது போல. தாலி கட்டுகிற படம் அக்காவிடம் இல்லை. அன்றிலிருந்து எந்தக் கார்டையும் கணினியில் போட்டு, கடைசி ஜிபி வரை எழுதித் திரும்பப் படித்துப் பார்க்காமல் நான் கொடுப்பதில்லை. அதற்கு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. உங்கள் கடைக்காரரிடமும் கேளுங்கள்.

சரி, இயங்குதளத்துக்கு வருவோம். முதல் ஐபோன் 2007ல் வந்தது, முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி 2008ல். நம்மவர்களுக்கு ஆரம்பத்தில் ஆண்ட்ராய்டில் பெரிய குறை, தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். கைப்பேசியில் தமிழ் எழுத முடியும் என்பதை அதற்கெல்லாம் முன்பே, 2005ல், செல்லினம் வழியாகக் காட்டியவர் நம் மலேசியர் முத்து நெடுமாறன். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். இன்று இரண்டிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது, விசைப்பலகையும் கூடவே வருகிறது. அதனால் தமிழை வைத்து ஒன்றைத் தள்ள வேண்டியதில்லை.

வேறுபாடு, இயங்குதளத்துக்கு எத்தனை ஆண்டு அப்டேட் வரும் என்பதில்தான் இருக்கிறது. 2018ல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸில் 2024ன் 18ஆம் பதிப்பு வரை கிடைத்தது. அந்தக் காலத்து ஆண்ட்ராய்டுகள் பலவற்றுக்கு இரண்டு ஆண்டிலேயே கதவை மூடிவிட்டார்கள். இப்போது நிலைமை மாறிவிட்டது. 2023ல் கூகுள் பிக்சல் 8க்கும், 2024ல் சாம்சங் எஸ்24க்கும் ஏழாண்டு அப்டேட் என்று வாக்குக் கொடுத்தார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, சாம்சங்கின் விலை குறைந்த கேலக்ஸி ஏ16க்கே ஆறாண்டு கொடுத்தது. எல்லா நிறுவனமும் அப்படியில்லை. ஒரே நிறுவனத்தில்கூட மாடலுக்கு மாடல் மாறும். வாங்குமுன் அந்த மாடலின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இது ஏன் முக்கியம்? பழைய இயங்குதளத்தைச் செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். 2025 ஜனவரியில் வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டு 4.4ஐ விட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் ஐஓஎஸ் 15.1க்குக் கீழே இருந்த ஐபோன்களையும் விட்டது. பாட்டியிடம் போய்ச் சேர்ந்திருந்த ஐபோன் 6 அதில் அடிபட்டது. திரை நன்றாக இருக்கிறது, பேட்டரியும் மாற்றியாயிற்று, வாட்ஸ்அப்பில் பேசத்தான் முடியவில்லை.

ஹுவாவே பற்றியும் கேட்கிறார்கள். 2019ல் அமெரிக்கா போட்ட தடையால், அதன்பின் வந்த மாடல்களில் கூகுள் சேவைகள் கிடையாது. கட்டமைப்பு உறுதியானதுதான். ஆனால் பிள்ளைக்குப் பள்ளியில் கூகுள் வகுப்பறை வேண்டுமென்றால் செயலியாக இல்லாமல், இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவி வழியாகத் திறக்க வேண்டியிருக்கும். அது தெரிந்து வாங்கினால் சரி.

உலாவிகளில் பார்ப்பதற்குப் போட்டி நிறைய. ஐபோனில் சஃபாரி, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் என்று எதைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் என்கிற இயந்திரம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024ல் சட்டம் போட்டு அதைத் தளர்த்தினார்கள், மலேசியாவில் நம் கைக்கு அது வரவில்லை. அந்த இயந்திரம் இயங்குதளத்தோடு சேர்ந்துதான் புதுப்பிக்கப்படும். ஐஓஎஸ் நின்றால் உலாவியும் நின்ற மாதிரிதான். ஆண்ட்ராய்டில் குரோம் தனியாக, பிளே ஸ்டோரிலிருந்து புதிதாகும். அதனால் இயங்குதளம் பழசான பிறகும் சில ஆண்டு இணையம் ஒழுங்காக ஓடும். அதற்கும் எல்லை உண்டு, 2025ல் ஆண்ட்ராய்டு 8க்கும் 9க்கும் புதிய குரோம் வருவது நின்றது.

செம்பனைக்குள் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடுதான். முன்பணம் போட்டு டேட்டா வாங்குகிறவர்களுக்கு விளம்பரம் நிறைந்த பக்கங்கள் காசைத் தின்னும். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் விளம்பரத் தடுப்பு நீட்சியைச் சேர்க்க முடியும், குரோமில் முடியாது. நான் வாடிக்கையாளர்களுக்கு அதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

ஆக, எதை வாங்குவது? கையில் காசு குறைவென்றால் 128 ஜிபி, கார்டு போட வழி, நீண்ட கால அப்டேட் உள்ள ஆண்ட்ராய்டு. ஐபோன்தான் வேண்டுமென்றால் ஆறு ஆண்டு வைத்திருக்கும் எண்ணத்தோடு, இடம் கூடுதலாக உள்ளதை வாங்குங்கள். பழைய 64 ஜிபி ஐபோனை மலிவென்று எடுக்காதீர்கள்.

நேரம் முடிவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படங்களையும் காப்புப் பிரதியையும் இணையத்தில் ஏற்றி வைக்கக் கூகுள் நமக்கு இலவசமாகத் தருவது 15 ஜிபி, ஆப்பிள் தருவது 5 ஜிபி. 2021 ஜூன் முதல் கூகுளில் ஏற்றும் படங்களும், 2024லிருந்து ஆண்ட்ராய்டின் வாட்ஸ்அப் காப்புப் பிரதியும் அந்தப் பதினைந்துக்குள்தான் சேரும். நிரம்பினால் காப்பு எடுப்பது நின்றுவிடும். எச்சரிக்கை வரும், நாம் தள்ளிவிட்டுவிடுவோம்.

ஓர் இளைஞர் ஆற்றில் விழுந்த கைப்பேசியோடு வந்தார். அதை உயிர்ப்பிக்க என்னால் முடியவில்லை. "பரவாயில்லண்ணே, எல்லாம் மேல ஏறியிருக்கும்" என்றார். புதியதில் போட்டுப் பார்த்தோம். கடைசிக் காப்பு எட்டு மாதத்துக்கு முந்தியது. அவருடைய அப்பா இறந்து மூன்று மாதம். கடைசி நாள்களில் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அப்பா அனுப்பிய குரல் செய்திகள் எதுவும் இல்லை. அத்தையின் கைப்பேசியை வாங்கிவரச் சொன்னேன். அதில் இரண்டு இருந்தன. ஒன்று, "பய சாப்பிட்டானான்னு கேளு" என்று.

வாட்ஸ்அப்பில் அரட்டைக் காப்பு என்று ஓரிடம் இருக்கிறது. கடைசியாக எந்தத் தேதியில் காப்பு எடுத்தது என்று அங்கே போட்டிருக்கும். இன்று இரவு அந்தத் தேதியைப் பாருங்கள், வீட்டில் பெரியவர்களின் கைப்பேசியிலும் பாருங்கள். வணக்கம்.