வேகம் போனால் திருவிழா போச்சு

வணக்கம் நேயர்களே. எக்தோர் பெர்லியோஸ் இசையமைத்த ‘பென்வெனூட்டோ செல்லினி’ என்ற ஓபராவை, அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். செல்லினி பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் வாழ்ந்த பொற்கொல்லர், சிற்பி. வாய்த்துடுக்கு, கத்திச்சண்டை, கொலைப்பழி எல்லாம் உண்டு. அவர் வார்த்த பெர்சியஸ் வெண்கலச் சிலை இன்றும் ஃப்ளாரன்ஸில் நிற்கிறது. ஓபராவில் மட்டும் கதை ரோமில் நடக்கிறது.

சிலை வார்க்கும் உலையை மேடையில் காட்டுவதுதான் கஷ்டம் என்று நினைப்பீர்கள். இல்லை. புகையும் சிவப்பு விளக்குமாகச் சமாளித்துவிடலாம். கஷ்டம் ரோமின் கார்னிவல் என்ற தெருத் திருவிழாக் காட்சியில்தான். முகமூடி, தள்ளுமுள்ளு, ஒரு கொலை. அதற்கு நடுவே பாடகர் குழு மூச்சுவிடாமல் பாட வேண்டும். தேரோட்ட நெரிசலில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசிப் பாருங்கள், புரியும். வேகம் குறைந்தால் எல்லாம் போச்சு.

போகத்தான் போச்சு. 1838 செப்டம்பர் 10, பாரிஸில் முதல் அரங்கேற்றம். இசைக்குழுவை நடத்திய அபெனெக்குக்கு அந்தக் கார்னிவல் காட்சியில் வரும் நடனப் பகுதியின் வேகம் கடைசிவரை பிடிபடவில்லை என்று பெர்லியோஸ் எழுதிவைத்திருக்கிறார். முன்னிசைக்குக் கைதட்டல், மற்றதற்கெல்லாம் கூச்சல். செல்லினியாகப் பாடிய துப்ரே அப்போது பெரிய நட்சத்திரம். அவர் மனைவிக்குப் பிரசவ நேரம். பையன் பிறந்தால் வந்து சொல்கிறேன் என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு நாள் பாடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்திரை ஓரம் பார்க்கிறார். சிரித்த முகத்தோடு டாக்டர்! சந்தோஷத்தில் தாளம் தப்பியது. சாதாரணப் பாட்டாக இருந்தால் எங்காவது எட்டிப் பிடித்திருப்பார். இது பெர்லியோஸ் பாட்டாயிற்றே, முடியவில்லை. மொத்தம் மூன்று ஆட்டங்களோடு வேஷத்தையே விட்டுவிட்டார்.

சரி, வேகத்துக்கு வருகிறேன். 1844-இல் அதே கார்னிவல் இசையை வைத்து ஒரு தனி முன்னிசை எழுதி, பெர்லியோஸ் தானே நடத்தினார். சபை மறுபடி வாசிக்கச் சொன்னது. வெளியே வரும்போது எதிரில் அபெனெக். “இப்படித்தான் போகணும்” என்று அவரிடம் பெர்லியோஸ் ஒரு வார்த்தை சொன்னார்; அவ்வளவுதான். ஆறு வருஷம் மனசில் வைத்திருந்திருக்கிறார் மனுஷர்!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். 1852-இல் இசையமைப்பாளர் லிஸ்ட் ஜெர்மனியின் வைமர் நகரில் இந்த ஓபராவை மறுபடி மேடையேற்றினார்; 2014-இல் சினிமா இயக்குனர் டெர்ரி கில்லியம் லண்டனில் ராட்சதப் பொம்மைகளோடு போட்டார். விரிவாகச் சொல்ல நேரமில்லை. உலைக் காட்சியை மட்டும் சொல்லிவிடுகிறேன். பந்தி நடுவில் சாதம் தீர்ந்த மாதிரி, உருக்க உலோகம் தீர்ந்துவிடுகிறது. அதுவரை தான் செய்த சிற்பங்களை எல்லாம் தூக்கி உலையில் போடச் சொல்கிறார் செல்லினி. வணக்கம்.