பழகின தாச்சி

வணக்கம் நேயர்களே. திருகோணமலையில் கடலுக்குக் கிட்ட இருக்கிறவர்களுக்குக் கறளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? யன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேற்றுப் பிணைச்சல், ஒன்றும் தப்பாது. மாரி தொடங்கினால் ஊசிப் பெட்டிக்குள் இருக்கிற ஊசியிலும் கறள். நான் இருப்பது உப்புவெளியில். ஊரின் பெயரிலேயே உப்பு. அங்கே இருந்துகொண்டு இரும்புச் சட்டியில் சமைக்கிறேன் என்றால், "டீச்சருக்கு வேற வேலை இல்லையோ" என்று கேட்கத்தான் செய்வார்கள். கேட்டார்கள்.

நான் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். என் அம்மா பின்னேரங்களில் வீட்டு வாசலில் அப்பம் சுட்டு விற்றவர். அவரிடம் மூன்று அப்பச்சட்டிகள் இருந்தன, மூன்றும் வார்ப்பிரும்பு. இரண்டு எங்கள் இடப்பெயர்வுகளில் போய்விட்டன. மூன்றாவது பின்வளவில் கோழிக்குத் தவிடு குழைக்கிற சட்டியாகக் கிடந்தது. பழைய இரும்பு வாங்குகிறவர் அதைத் தூக்கித் தராசில் வைத்தபிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. வாங்கி உள்ளே கொண்டுவந்துவிட்டேன்.

முதலில் தட்டிப் பார்த்தேன். காதை ஒரு விரலில் தொங்கவிட்டு அகப்பைக் காம்பால் தட்டினால், நல்ல சட்டி கோயில் மணிபோலக் கணீரென்று கொஞ்ச நேரம் பாடும். வெடிப்பு இருந்தால் "டொக்" என்று செத்த சத்தம். வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டிலிருந்து நான்கு பங்குவரை காபன் இருக்கிறது. வார்ப்பதற்கு அது வசதி. ஆனால் அதனால்தான் இந்த இரும்பு வளையாது, உடையும். வெடித்த சட்டியோடு மினைக்கெடாதீர்கள். கறள் மட்டும் என்றால் பயமே வேண்டாம்.

தும்பும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். சாம்பலில் காரம் உண்டு, பழைய எண்ணெய்ப் பிசுக்கை அது கழற்றும். மிச்சக் கறளுக்கு வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஊறவைத்தேன். அதை அரை மணிக்கொரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். நானோ தொலைக்காட்சி நாடகத்தில் இருந்துவிட்டு, இரவு அப்படியே நித்திரையாகிவிட்டேன். கறளைத் தின்று முடித்த அமிலம் இரும்பையும் தின்னும் என்று எத்தனை வகுப்புக்குப் படிப்பித்திருப்பேன்! விடியப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் அம்மைத் தழும்புபோலப் பொட்டுப் பொட்டாகக் குழி. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, துடைத்து, உடனே அடுப்பில் வைத்துக் காயவைத்தேன். உடனே என்றால் உடனேதான். கழுவின இரும்பை நம் ஊர்க் காற்றில் வைத்துவிட்டுத் துவாய் எடுக்கப் போனால், திரும்பி வருவதற்குள் செம்மஞ்சள் பூசிக்கொண்டுவிடும்.

அடுத்தது பழக்குவது, அதாவது எண்ணெய் பூசிச் சூடாக்கி, கறளும் பிடிக்காத அப்பமும் ஒட்டாத சட்டியாக்குவது. இங்கேதான் நம் ஆட்களில் பலர் பிழை விடுகிறோம், நானும் விட்டேன். நம் குசினியில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய். அதைத் தாராளமாகப் பூசிச் சூடாக்கி வைத்தேன். இரண்டு அப்பம் ஒட்டிக்கொண்டு வந்தது, நாலாம் நாள் கறளும் வந்தது. சரி, எண்ணெய் காணாது என்று இன்னும் பூசினேன். அதுவும் சரிவரவில்லை.

காரணத்தைக் கேளுங்கள். பழகின சட்டியில் இருக்கிற அந்தக் கறுப்பு மினுக்கம் எண்ணெய் அல்ல. எண்ணெயாக இருந்து வேறொன்றாக மாறிவிட்ட பொருள். எண்ணெயின் கொழுப்பமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் இருந்தால், சூட்டிலும் காற்றிலும் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலைபோலப் பின்னி இறுகும். உயர்தர வகுப்பில் பல்பகுதியம் என்று படித்திருப்பீர்கள், அதுதான். தேங்காய் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிரம்பிய கொழுப்பு, அதில் இரட்டைப் பிணைப்பு இல்லை, பிடிப்பதற்குக் கை இல்லை. இரட்டைப் பிணைப்பு எவ்வளவு இருக்கிறது என்று காட்ட அயடீன் பெறுமானம் என்று ஓர் அளவு உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு அது பத்துக்குக் கிட்ட, நல்லெண்ணெய்க்கு நூறுக்கு மேல். தேங்காய் எண்ணெய் கொஞ்சக் காலம் ஈரத்தைத் தடுக்கும், படலமாக இறுகுவது அரிது. அம்மா அப்பம் சுட்டதெல்லாம் தேங்காய்ப் பாலில்தான், ஆனால் சட்டி துடைக்கிற துணிமுடிச்சு எப்போதும் நல்லெண்ணெய்க் கிண்ணத்தில்தான் கிடக்கும். நான் பல்கலைக்கழகம் போய்ப் படித்ததை அவர் அந்தத் துணியில் முடிந்து வைத்திருந்தார்.

ஆகவே நல்லெண்ணெய். ஆனால் பூசுவது ஒரு கலை. முதலில் சட்டியைக் கைச்சூட்டுக்குச் சூடாக்குங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயை உள்ளும் புறமும் காதுவரைக்கும் தேயுங்கள். பிறகு எண்ணெயே பூசவில்லை என்று நினைத்துக்கொண்டு, காய்ந்த துணியால் முழுவதையும் துடைத்து எடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு எண்ணெய் மிஞ்சினால் அது இறுகாமல் பலாப்பால்போல ஒட்டும். நல்லெண்ணெயைத் தடிப்பாகப் பூசி அந்தப் பிசினையும் ஒரு தடவை உண்டாக்கிப் பார்த்தவள் நான், மீண்டும் சாம்பலில் இருந்து தொடங்க வேண்டியதாகிவிட்டது. துடைத்த சட்டியை மெல்லிய புகை எழும்பும்வரை சூடாக்கி, புகை அடங்கும்வரை விட்டு, தானாக ஆறவிடுங்கள். இப்படி நாலைந்து தரம். யன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்கள் இதற்குத் தோது, காற்றில் ஈரம் குறைவு. பிறகு ஒரு பிடி தேங்காய்ப்பூவை அதில் கருகும்வரை வறுத்துக் கொட்டிவிட்டு, ஒரு முட்டை ஊற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் பழகிவிட்டது.

பிள்ளைகள் சட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டால் குழறவேண்டாம். இன்றைய பாத்திரம் கழுவும் திரவம் இறுகின படலத்தைக் கழற்றாது. ஊறப்போடுவதுதான் கூடாது. புளிக்குழம்பும் வேண்டாம், புளியின் அமிலம் படலத்தை அரித்துக் குழம்பையும் கறுப்பாக்கும். அதற்கு மண்சட்டி இருக்கிறதே.

காஸ் அடுப்பில் வைக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். வட்ட அடிச் சட்டி ஆடாமல் இருக்க ஒரு இரும்பு வளையம் வெட்டுவித்தேன். ஆனால் வார்ப்பிரும்பு சூட்டை நன்றாகப் பிடித்து வைக்குமே தவிர, கெதியாகப் பரப்பாது. அலுமினியம் அதைவிடப் பல மடங்கு வேகமாகப் பரப்பும். நெருப்பைக் கூட்டி வைத்தால் அப்பத்தின் நடு கருகும், கரை பச்சையாக நிற்கும். தணலில் வேகிற சட்டியைக் காஸுக்குப் பழக்க, நெருப்பைச் சின்னதாக வைத்துப் பத்து நிமிடம் பொறுத்திருக்கத்தான் வேண்டும். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்தச் சட்டி சரிவந்த பிறகு, பக்கத்து வளவுக்காரர் தன் தாச்சி ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் கடற்றொழில் செய்கிறவர். தாச்சி அழகோ அழகு. தடித்த அடி, இரண்டு காது, தட்டினால் மணி. ஒரு பக்கம் தேய்த்தேன். கறளுக்குக் கீழே, சுவரோடு சுவராக, ஒரு மங்கல் வெள்ளிப் பொட்டு. நகத்தால் சுரண்டினால் நகம் பதிந்தது, பதிந்த இடம் பளிச்சென்றது. இரும்பில் நகம் பதியுமா?

"தம்பி, இதில முந்தி என்ன செய்தனீங்கள்?"

"அப்பா வலைக்கு ஈயம் உருக்கினவர் டீச்சர். அது எப்பவோ."

ஈயம் 327 பாகையில் உருகிவிடும், விறகடுப்பே போதும். வலைக்குண்டு வார்க்கப் பழைய தாச்சிதான் லேசாகக் கிடைக்கிறது. கரையோர ஊர்களில் இது வழமையான காரியம், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஈயம் ஏறின சட்டியைத் தேய்த்தும் சுட்டும் சுத்தமாக்க முடியாது. தேய்த்தால் தூசாகப் பறக்கும். வெள்ளிப் பொட்டு ஒன்றும் தெரியாமலேயே இரும்பின் நுண்துளைகளில் இருக்கவும் கூடும். குழந்தைகளின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. ஆகவே பழைய தாச்சி ஒன்று கைக்கு வந்தால், தும்பை எடுக்குமுன் அதன் சரித்திரத்தைக் கேளுங்கள். சொல்ல ஆள் இல்லை என்றால் சமையலுக்கு எடுக்காதீர்கள். நானும் தேய்த்த இடத்தை ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிட்டு, கையை மூன்று தரம் கழுவினேன்.

அந்தத் தாச்சி அவருடைய வலைக் கொட்டிலுக்கே திரும்பிப் போனது, ஈயம் உருக்க. யாரும் மறந்தும் குசினிக்குக் கொண்டுபோகாமல் இருக்க, அடியிலும் உள்ளேயும் சிவப்புப் பெயின்ற்றால் பெரிய புள்ளடி போட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மகள், இரண்டாம் வகுப்பு, தகப்பனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்: "அப்பா, டீச்சர் தாச்சிக்குப் பிழை போட்டிட்டா!"